க்ராம்வெல் சாலையும் செஸ்டர்டன் சாலையும்: ராமானுஜனின் முதல் நாட்கள்

1914 ஏப்ரல் 14. நம்ம ஊர்க் கணக்கில் ஆனந்த வருஷம் பிறந்த கையோடு. மார்ச் 17 காலை சென்னையில் கிளம்பிய நெவாஸா என்ற கப்பல் அன்றைக்கு லண்டன் துறையில் வந்து நிற்கிறது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவைச் சேர்ந்த ராமானுஜன் அதிலிருந்து இறங்குகிறார். வயது இருபத்தாறு. குடுமி போய்விட்டது. பழக்கமில்லாத கோட்டு, காலைக் கடிக்கும் பூட்ஸ்.

பள்ளிப் பாடத்திலும் மேடைப் பேச்சிலும் அடுத்த வரியிலேயே அவர் ஹார்டியின் அறையில் உட்கார்ந்துவிடுவார். அதற்கடுத்த வரியில் ராயல் சொசைட்டி, அதற்கடுத்து காசநோய். நடுவில் வெளியூருக்குப் படிக்கப் போன ஒரு பையனின் முதல் நாட்கள் இருந்தன. எங்கே தூங்கினார், என்ன சாப்பிட்டார், யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் கணிதத்துக்குச் சம்பந்தமில்லாத சில்லறை விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோணலை. அவருடைய பின்கதையைத் தீர்மானித்ததில் அந்தச் சில்லறைக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் ஒன்று. லண்டன் அவர் பார்த்த முதல் அந்நிய ஊர் இல்லை. 1905-ல், கும்பகோணம் காலேஜில் எப்.ஏ. படிக்கும்போது ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர், வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். பையனைக் காணோம் என்று ஹிந்து பத்திரிகையில் செய்தி கூட வந்தது. அடுத்த வருஷம் சென்னை. பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பிராட்வே பக்கம் ஒரு சந்தில் தாய்வழிப் பாட்டியோடு தங்கினார். கணக்கில் புலி. உடலியலில் பூஜ்யத்துக்குப் பக்கம். விடைத்தாளில் ஜீரண உறுப்புகளைப் பற்றி எழுதவேண்டிய இடத்தில், ஜீரணம் ஆகாத என் பாடம் இவ்வளவுதான் என்கிற மாதிரி ஒரு வரி எழுதிவிட்டு வந்தார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

வேடிக்கையில்லாத விஷயம் அதே வருஷம் நடந்தது. சென்னையில் அவருக்குக் கடுமையான சீதபேதி வந்து, படிப்பை நிறுத்திக் கும்பகோணத்துக்குத் திரும்பி மாதக்கணக்கில் கிடந்தார். இந்தச் சீதபேதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் குமாஸ்தா. 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதம். பிப்ரவரியில் பதில். இங்கிலாந்துக்கு வருகிறாயா என்று உடனே கேட்டார்கள், இவர் மாட்டேன் என்றார். சென்னையில் மாணவர் ஆலோசனைக் குழுவின் செயலாளராக இருந்த ஆர்தர் டேவிஸ் கூப்பிட்டுப் பேசியபோது, அங்கே போனால் மறுபடியும் பரீட்சை எழுதச் சொல்வார்களோ என்ற பயமும் இவருக்கு இருந்தது. இரண்டு முறை எப்.ஏ.யில் தோற்றவனுக்கு அந்தப் பயம் நியாயமானது. நாம்தான் ஆசாரத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டோம்.

ஆசாரமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கடல் தாண்டினால் ஜாதிப் பிரஷ்டம் என்ற காலம். அம்மா கோமளத்தம்மாள் கனவில் நாமக்கல் நாமகிரித் தாயார் வந்து, மகன் போகட்டும் என்று உத்தரவு கொடுத்ததாகக் குடும்பத்தில் சொல்லப்பட்டது. டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த நெவில் என்ற இளம் கணிதப் பேராசிரியர் 1914 தொடக்கத்தில் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்து நேரில் பேசியபோது, ராமானுஜன் மறுபேச்சில்லாமல் தயாராக இருந்தார். கனவு வழிவிட்டதா, பரீட்சை இல்லை என்ற வாக்குறுதி வழிவிட்டதா? இரண்டும் சேர்ந்து என்பது என் ஊகம்.

சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் கொடுத்தது. அதில் மாதம் அறுபது ரூபாய் கும்பகோணத்து வீட்டுக்கு நேராகப் போகிற மாதிரி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கப்பலேறினார். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிய அப்பாவுக்கு மாதச் சம்பளம் இருபது ரூபாய் அளவில்தான். வெளிநாட்டில் படிக்கும் பையன் வீட்டுக்குப் பணம் அனுப்புவது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை பாருங்கள். கிளம்புவதற்குச் சில நாள் முன்பே அம்மாவையும் மனைவி ஜானகியையும் எழும்பூரில் ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். குடுமி எடுப்பதை அவர்கள் பார்க்கவேண்டாம் என்று.

சரி, லண்டனுக்கு வருவோம்.

துறையில் நெவிலும் அவருடைய அண்ணனும் மோட்டார் காரோடு காத்திருந்தார்கள். நேராகக் கூட்டிக்கொண்டு போன இடம் தென் கென்சிங்டனில் க்ராம்வெல் சாலை 21-ஆம் எண் வீடு. எதிரே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். புதிதாக வந்திறங்கும் இந்திய மாணவர்கள் சில நாள் தங்கிப்போக அங்கே சில அறைகள் இருந்தன. ராமானுஜனின் வாழ்க்கைக் கதைகளில் இந்த வீடு ஒரு வரியில் கடந்துபோகும். ஆனால் அந்த வீடு ஏன் அங்கே இருந்தது என்பது தனிக் கதை.

1905-லிருந்து லண்டன் ஹைகேட்டில் இந்தியா ஹவுஸ் என்ற மாணவர் விடுதி நடந்தது. சாவர்க்கர் அங்கே இருந்தார். நம்ம காவிரிக்கரைக்காரர்கள் இரண்டு பேரும் அந்த வட்டத்தில் உண்டு: வரகனேரி வ.வே.சு. ஐயர், ஸ்ரீரங்கம் தி.சே.சௌ. ராஜன். ஒருவர் பாரிஸ்டர் படிப்புக்குப் போனவர், மற்றவர் மருத்துவத்துக்கு. 1909 ஜூலை 1 அன்று மதன்லால் திங்ரா என்ற மாணவர் கர்ஸன் வைலியைச் சுட்டுக்கொன்றார். இந்தியா மந்திரி அலுவலகம் ஆடிப்போனது. இந்திய மாணவர்களைக் கவனித்துக்கொள்ள என்று தனியாக ஓர் அமைப்பு அதற்குச் சில மாதம் முன்பே ஏற்பட்டிருந்தது. அதற்கு ஆலோசகராக வந்தவர் தாமஸ் ஆர்னால்டு, லாகூரில் கவிஞர் இக்பாலுக்கு ஆசிரியராக இருந்தவர். 1910-ல் க்ராம்வெல் சாலை வீடு திறக்கப்பட்டது. அறை உண்டு, தகவல் உண்டு, உபசாரம் உண்டு. கூடவே, நம்மை வேவு பார்க்கத்தான் இதெல்லாம் என்ற சந்தேகமும் மாணவர்களிடம் பரவலாக உண்டு. சென்னையில் டேவிஸ் செயலாளராக இருந்த குழுவும் இதே ஏற்பாட்டின் இந்தியப் பக்கக் கிளைதான்.

ஆக, ராமானுஜன் லண்டனில் கழித்த முதல் நாலு இரவும் ஒரு துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த வருஷம் திறக்கப்பட்ட வீட்டில் கழிந்தவை. அவருக்கு அரசியல் இல்லை, அவரை யாரும் சந்தேகிக்கவும் இல்லை. ஆனால் அந்த வருஷங்களில் லண்டனில் இறங்கிய பல இந்தியப் பையன்களுக்கு நகரம் திறந்த முதல் கதவு அதுதான். வ.வே.சு. ஐயர் அதற்கு நாலு வருஷம் முன்பு மாறுவேடத்தில் லண்டனை விட்டுத் தப்பிப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்திருந்தார். ஒரே ஆற்றுத் தண்ணீர் குடித்த இரண்டு பேருக்கு ஒரே நகரம் எப்படி இரண்டு விதமாக இருந்தது பாருங்க.

ஏப்ரல் 18-ல் நெவில் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துப் போனார். கல்லூரி அறைக்கு இல்லை, தன் சொந்த வீட்டுக்கு. செஸ்டர்டன் சாலையில், காம் ஆற்றுக்கு வடகரையில். நெவிலுக்கு அப்போது இருபத்தைந்து வயது, விருந்தாளியைவிட ஒரு வயது சின்னவர். மனைவி ஆலிஸ். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. புதுக்குடித்தனம் நடக்கிற வீட்டில் முன்பின் தெரியாத, மாமிசம் தொடாத ஓர் ஆளை இரண்டு மாதம் வைத்துக்கொண்டார்கள். ஹார்டியின் பெருமையைப் பேசும் அளவுக்கு நாம் இந்தத் தம்பதியைப் பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இங்கே கும்பகோணத்துக்காரர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு பொருத்தம் இருக்கிறது. நம்ம ஊர் அரசுக் கல்லூரிக்குத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பேர். அதை அந்த உயரத்துக்குக் கொண்டுபோன போர்ட்டர் துரை கேம்பிரிட்ஜில் படித்தவர். காலேஜ் காவிரிக்கு வடகரையில், ஊர் தென்கரையில். ராமானுஜன் படித்த 1904-ல் நடைபாலம் கிடையாது, அது வெகுகாலம் கழித்து வந்தது. கோடையில் மணலில் நடந்தும், வெள்ளம் வந்தால் படகிலும் போகவேண்டும். பத்து வருஷம் கழித்து அசல் கேம்பிரிட்ஜிலும் அவர் வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவே ஓர் ஆறு. வீடு வடகரை, டிரினிட்டி தென்கரை. பாலம் மட்டும் இருந்தது.

காமைப் பெரிய ஆறு என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம ஊரில் வாய்க்கால் என்றே சொல்லிவிடுவோம், அரசலாறு அளவுகூடச் சொல்லமுடியாது. ஆனால் சித்திரையில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடும். மேட்டூர் அணை வருவதற்கு இருபது வருஷம் முந்தைய காலம் அது. சித்திரைக் காவிரி என்றால் வெறும் மணலும் ஊற்றுத் தண்ணீரும்தான். ஆனி, ஆடியில் புதுத்தண்ணீர் வந்தால் கொண்டாட்டம். ஆற்றில் தண்ணீர் வருவதை ஒரு பண்டிகையாகப் பார்த்து வளர்ந்தவருக்கு, எப்போதும் நிறைந்தே இருக்கிற ஒரு குட்டி ஆறு.

அந்த இரண்டு மாதம் அவர் சந்தோஷமாகவே இருந்தார் என்பதற்கு அவருடைய கடிதங்களே சாட்சி. ஜூன் மாதம் சென்னை நண்பர் ஒருவருக்கு எழுதும்போது, ஹார்டியும் நெவிலும் மற்றவர்களும் பந்தா இல்லாதவர்கள், அன்பானவர்கள் என்று நிறைவோடு எழுதுகிறார். பரீட்சை இல்லை. பக்கத்திலேயே தன் கணக்கைப் புரிந்துகொள்கிற நாலு பேர். நெவில் பார்த்த அளவில் குறை இரண்டே இரண்டு: பூட்ஸும் காய்கறியும். பூட்ஸ் கடித்தது. காய்கறியை அவர்கள் வேகவைத்து அப்படியே தட்டில் வைப்பது இவருக்கு வாயில் வைக்க விளங்கவில்லை. பூட்ஸுக்கு வழி கிடைத்தது, அறைக்குள் செருப்போடு இருந்துகொண்டார்.

ஜூன் தொடக்கத்தில் டிரினிட்டியின் வீவெல்ஸ் கோர்ட் என்ற பகுதியில் அறை கிடைத்து அங்கே போனார். ஹார்டிக்கும் அவருக்கும் அதுதான் வசதி, கூப்பிடு தூரம். கணக்கு வேலைக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் சாப்பிடவில்லை. அறையிலேயே தானே சமைக்க ஆரம்பித்தார். அதுவரை அம்மா பிசைந்து கையில் போட்ட சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டவர் என்று சொல்லப்படுகிறவர், வாழ்நாளில் முதல்முறையாக அடுப்பு மூட்டுகிறார். அதுவும் எந்த நேரத்தில் பசிக்கிறதோ அந்த நேரத்தில்.

ஆகஸ்ட் 4-ல் போர். டிரினிட்டியின் முற்றத்துத் தாழ்வாரத்திலேயே காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டார்கள். லிட்டில்வுட் ராணுவ வேலைக்குப் போனார். செப்டம்பரில் ராமானுஜன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இந்த நாட்டில் சண்டை இல்லை, பக்கத்து நாட்டில்தான் என்று தொடங்கி, எவ்வளவு தூரம் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறார்: சென்னைக்கும் ரங்கூனுக்கும் உள்ள தூரம் மாதிரி. மைல் கணக்குச் சொல்லவில்லை. கும்பகோணத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு மைல் எதற்கு? தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து ஆட்கள் கப்பலேறிப் போகிற ஊர் ரங்கூன். அது கடலுக்கு அந்தப் பக்கம் என்பது அவளுக்குத் தெரியும். பயப்படாதே என்பதை அந்த ஒரு ஊர்ப் பெயரில் சொல்லிவிடுகிறார். உண்மைத் தூரத்தைப் பார்த்தால் ரங்கூன் பல மடங்கு தள்ளி இருக்கிறது. உலகம் போற்றும் கணக்கர் அம்மாவுக்காகக் கணக்கில் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்.

இனி போர்வைக் கதை. இது முதல் குளிரில் நடந்தது. கல்கத்தாவிலிருந்து வந்து கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஏற்படுத்தியவர், ஒருநாள் பார்க்க வந்தார். ராத்திரி குளிர் தாங்கலை, ஓவர்கோட்டைப் போட்டு மேலே சால்வையும் போர்த்திக்கொண்டு படுக்கிறேன் என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளி எத்தனையோ இருந்தன. ஆங்கிலேயர் வழக்கப்படி ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி, மேலே விரிப்பு போட்டிருந்தார்கள். அதற்குள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது இவருக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே படுத்திருந்தார். மகலனோபிஸ் கம்பளியை உருவி எப்படி உள்ளே படுப்பது என்று காட்டிக்கொடுத்தார்.

இந்தக் கதையைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள். மேதைக்கு உலகம் தெரியாது என்பார்கள். எனக்கு வேறு ஒன்று உறுத்தும். குளிருகிறது என்று அவர் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. ஒருவர் அறைக்கே வந்து, பேச்சுவாக்கில் கேட்டதால் வெளியே வந்தது. செஸ்டர்டன் வீட்டில் இருந்தவரை ஆலிஸ் நெவில் என்று ஒரு ஆள் இருந்தாள், தட்டில் மிச்சம் வைத்தால் தெரியும், இருமினால் கேட்கும். கல்லூரி அறையில் யாரும் இல்லை. கதவைச் சாத்தினால் சாத்தியதுதான்.

இதையெல்லாம் நமக்குப் பாதுகாத்துக் கொடுத்தவரும் ஒரு டெல்டாக்காரர்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நம்முடைய நூலகத் தந்தை. மகலனோபிஸ் போன்றவர்களிடம் கேட்டு வாங்கி 1967-ல் ராமானுஜன் பற்றிப் புத்தகம் போட்டார். அவரும் கணக்கு வாத்தியார். அவரும் 1924-ல் லண்டனுக்குப் படிக்கப் போனவர். ஆனால் அவர் நகரத்துக்குள் இறங்கிய விதமே வேறு. வகுப்பில் உட்கார்ந்தது கொஞ்சம், ஊர் சுற்றியது அதிகம். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நடந்து பார்த்தார். செல்ஃப்ரிட்ஜ் கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்து, பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டுகிற மாதிரி பாடப்பொருளையும் பூட்டலாமே என்று தோன்றியதுதான் கோலன் பகுப்புமுறைக்கு விதை. போர்வை, பூட்ஸ், புளி போன்ற விவரங்களை ஒரு மேதையின் வரலாற்றில் சேர்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியதற்கு, தானும் அந்த ஊரில் சைவச் சாப்பாட்டோடு நாள் தள்ளியவர் என்பது ஒரு காரணமாக இருக்கும்.

மகலனோபிஸின் இன்னொரு கதையும் அடுப்படியில்தான் நடக்கிறது. 1914 டிசம்பர் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் ஒரு புதிர். பெல்ஜியத்தின் லூவேன் நகரில் ஒரு நீளத் தெரு, வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். ஐம்பதுக்கு மேல் ஐந்நூறுக்குள் வீடுகள் இருந்தால், அந்த வீட்டு எண் என்ன? மகலனோபிஸ் படித்துக் காட்டும்போது ராமானுஜன் வாணலியில் காய் வதக்கிக்கொண்டிருக்கிறார். கிண்டிக்கொண்டே, எழுதிக்கொள் என்று ஒரு தொடர்பின்னத்தைச் சொல்கிறார். 288 வீடு, 204-ஆம் எண் என்ற விடை மட்டும் இல்லை, 8 வீடு 6-ஆம் எண் தொடங்கி இந்த வகையில் எத்தனை விடை உண்டோ அத்தனையும் அதற்குள் அடக்கம். அந்த லூவேன் நகரம் ஆகஸ்டிலேயே ஜெர்மானியப் படையால் எரிக்கப்பட்டிருந்தது.

அவர் 1917 வசந்தத்தில் படுத்தார். காசநோய் என்றார்கள், இன்றுவரை அப்படியே சொல்கிறோம். 1994-ல் டி.ஏ.பி. யங் என்ற ஆங்கில மருத்துவர் கிடைத்த மருத்துவக் குறிப்புகளையெல்லாம் மறுபடி பார்த்து, இது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று வாதிட்டார். அவர் காட்டிய தடயங்களில் ஒன்று 1906-ல் சென்னையில் வந்த சீதபேதி. அந்தக் கிருமி வருஷக்கணக்கில் உள்ளே தங்கியிருக்கக்கூடியது. அவர் சொன்னது சரி என்றால், இங்கிலாந்துக் குளிரைக் குற்றம் சொல்லும் நம்முடைய பழைய கதை பாதிதான் நிற்கும். பிராட்வே சந்தில் கழிந்த மாணவ வாழ்க்கையைத்தான் முதலில் பார்க்கவேண்டும். வீவெல்ஸ் கோர்ட் அறையின் அரைவயிற்றுச் சமையல் அதன் மேல் வந்து சேர்ந்தது. நான் யங் பக்கம்தான் சாய்கிறேன்.

ஊரிலிருந்து புளி வந்துகொண்டிருந்தது. எழுதிக் கேட்டிருக்கிறார், கொட்டை எடுத்த புளியும் நல்ல தேங்காயெண்ணெயும் அனுப்பச் சொல்லி. கொட்டை எடுக்கச் சொன்னவருக்குத் தபால் எடைக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் 1915 ஜனவரியில் ஒரு நண்பருக்கு எழுதியதில் தொனி மாறிவிடுகிறது. எதுவும் அனுப்பவேண்டாம், நாக்கை அடக்கப் பழகிவிட்டேன், வெறும் சோறும் உப்பும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் இருந்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டிவிடுவேன் என்கிறார். கப்பலிலிருந்து இறங்கி அப்போது ஒன்பது மாதம்.